அடிக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள்: அறிவியல் வரலாற்றில் விடுபட்ட பெண்களைத் தேடி எழுதும் முறை

1955ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்திலிருந்து ஓர் அறிக்கை வெளியானது. சுருள்வில்களால் கோக்கப்பட்ட துகள் வரிசை ஒன்றை அசைத்துவிட்டால், அந்த வில்கள் நேர்விகித விதியிலிருந்து சற்றே விலகியவையாக இருக்கும்போது, ஆற்றல் எப்படிப் பரவும் என்பதே அதன் கேள்வி. ஆற்றல் நாளடைவில் எல்லா அதிர்வு வகைகளுக்கும் சமமாகப் பிரிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். மானியாக் கணினியில் செய்த கணக்கோ, ஆற்றல் ஒருசில அதிர்வுகளுக்குள்ளேயே சுற்றிவிட்டு, ஏறத்தாழ முழுவதுமாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதைக் காட்டியது. கணினியையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு இயற்பியலை ஆராயும் முறைக்கு வழிவகுத்த கணக்குகளில் இது முக்கியமானது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இது ஃபெர்மி, பாஸ்டா, உலாம் ஆகிய மூவரின் பெயரால் மட்டுமே வழங்கிவந்தது.

அந்த அறிக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் அடிக்குறிப்பு ஒன்றில், கணக்குகளுக்குத் திறம்பட நிரல் எழுதியதற்காகவும் அவற்றைக் கணினியில் இயக்கியதற்காகவும் செல்வி மேரி சிங்கூவுக்கு நன்றி தெரிவிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தலைப்புப் பக்கம் இன்னும் வெளிப்படையானது. வேலையைச் செய்தவர்கள் என்று நான்கு பெயர்களும், அறிக்கையை எழுதியவர்கள் என்று மூன்று பெயர்களும் அதில் உள்ளன. எழுதியவர்களுக்கே பெயர் உரியது என்று வாதிடுவோர், அம்மூவருள் ஒருவரான ஃபெர்மி அறிக்கை வெளியாவதற்கு முன்பே, 1954 நவம்பரில் காலமாகிவிட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2008இல் தியரி டோஷுவா என்ற இயற்பியலாளர் இதைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகு, பலர் நான்கு பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்தே இந்தக் கணக்கைக் குறிப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள்.

இந்த எடுத்துக்காட்டை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சிங்கூவின் பெயர் எங்கும் தொலைந்துபோகவில்லை. அச்சிட்ட தாளிலேயே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது. அறிவியல் வரலாற்றில் விடுபட்ட பெண்களைத் தேட முனைகிறவர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது படிக்கும் வரிசையைத்தான். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, அடிக்குறிப்பு, நன்றியுரை, அட்டவணையின் தலைப்பு, படத்தின் கீழுள்ள வரி, பிற்சேர்க்கை ஆகியவற்றை முதலில் படிக்க வேண்டும். மாணவர்கள், ஆசிரியர்கள், கட்டுரையாளர்கள் என யார் இந்த வேலையில் இறங்கினாலும் பயன்படும் வகையில், நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

ஆளைத் தேடாமல் வேலையைத் தேடுங்கள்

பெரும்பாலானோர் “மறக்கப்பட்ட பெண் விஞ்ஞானிகள்” என்று தேடத் தொடங்குகிறார்கள். அப்படித் தேடினால், ஏற்கெனவே பலமுறை எழுதப்பட்ட பத்துப் பன்னிரண்டு பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அதற்கு மாறாக, உங்களுக்கு ஓரளவு பழக்கமான ஒரு கண்டுபிடிப்பையோ ஆய்வுக்கட்டுரையையோ எடுத்துக்கொண்டு, அது உருவாக என்னென்ன வேலைகள் நடந்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். யாரோ உற்றுநோக்கியிருக்க வேண்டும். யாரோ அளவுகளைக் குறித்திருக்க வேண்டும். யாரோ கணக்கிட்டிருக்க வேண்டும். யாரோ வரைபடம் வரைந்திருக்க வேண்டும். யாரோ மாதிரிகளைத் தோண்டியெடுத்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும். யாரோ வேற்றுமொழி நூலை மொழிபெயர்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரை எழுத முயலுங்கள். எந்த இடத்தில் பெயர் கிடைக்காமல் கை நிற்கிறதோ, அங்கேதான் உங்கள் தேடல் தொடங்குகிறது.

எட்வர்ட் லொரென்ஸ் 1963இல் வெளியிட்ட கட்டுரை, ஒழுங்கற்ற இயக்கம் பற்றிய நவீன ஆய்வுக்குத் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதன் நன்றியுரையில், எண்வழிக் கணக்குகள் பலவற்றைச் செய்தவராகவும் வரைபடங்களை ஆயத்தம் செய்தவராகவும் எல்லென் ஃபெட்டர் குறிப்பிடப்படுகிறார். வாட்டர்சன் 1975இல் வெளியிட்ட மரபியல் கட்டுரையில், ஓர் அட்டவணையைக் கணக்கிட்டுத் தந்ததற்காகத் திருமதி எம். வூ என்பவருக்கு நன்றி கூறப்பட்டிருக்கிறது. அக்கட்டுரையின் மதிப்பீட்டு முறை இன்றும் வாட்டர்சன் பெயராலேயே மரபியலாளர்களிடையே வழங்குகிறது. அன்றைய வழக்கத்தில் நிரல் எழுதுவது எழுத்தர் வேலையாகக் கருதப்பட்டது; இன்று அதே பங்களிப்பைச் செய்தவர் இணையாசிரியராக இடம்பெற வாய்ப்புண்டு. எனவே, கணினி புழக்கத்துக்கு வந்த 1950 முதல் 1980 வரையிலான காலத்துக் கட்டுரைகளின் நன்றியுரைகள் இத்தேடலுக்கு மிக வளமான நிலம். புதிதாகத் தொடங்குவோருக்கு அங்கேதான் தொடங்கச் சொல்வேன்.

பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டும்

ஒரு பெயர் கிடைத்தவுடன், வாழ்க்கை வரலாற்றைத் தேடப் போகாமல், அந்த ஒருவருக்கு இருந்திருக்கக்கூடிய எல்லாப் பெயர்களையும் முதலில் தொகுத்துக்கொள்ள வேண்டும். மேரி சிங்கூ திருமணத்துக்குப் பின் மென்செல் ஆனார். அவரைத் தேடியவர்களுக்கு அவர் கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். மின்முனைகளுக்கிடையே பாயும் ஒளிமிக்க மின்வில் பற்றிய ஆய்வுக்காகப் புகழ்பெற்ற ஹெர்த்தா அயர்டன், பிறந்தபோது ஃபீபி சாரா மார்க்ஸ். 1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினியை இயக்குவதற்கான நிரல்களை அமைத்த ஆறு பெண்களான கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் ஆகியோர், பிற்காலப் பதிவுகளில் முறையே அன்டொனெல்லி, பார்ட்டிக், ஹோல்பர்ட்டன், மெல்ட்சர், ஸ்பென்ஸ், டைடல்பாம் என்ற குடும்பப் பெயர்களுடன் வருகிறார்கள். திருமணத்துக்கு முந்தைய பெயரை மட்டும் நம்பித் தேடினாலும், பிந்தைய பெயரை மட்டும் நம்பித் தேடினாலும் பாதி வாழ்க்கை விடுபட்டுப்போகும்.

மாற்றுப்பெயர்களும் முதலெழுத்துகளும் அடுத்த தடை. பாரிசின் பொலிடெக்னிக் கல்லூரி பெண்களைச் சேர்க்காததால், சோஃபி ஜெர்மேன், லெப்லாங் என்ற ஆணின் பெயரில் கணிதவியலாளர்களான லாக்ரான்சுக்கும் பின்னர் காஸுக்கும் எழுதினார். 1807 வரை காஸுக்கு உண்மை தெரியாது. கணினியின் முன்னோடியாகச் சார்ல்ஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறியைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீண்ட குறிப்புகளைச் சேர்த்து 1843இல் வெளியிட்ட ஏடா லவ்லேஸ், அவற்றின் கீழ் ஏ. ஏ. எல். என்ற மூன்று எழுத்துகளை மட்டுமே இட்டார். டவுன் நோய்க்குறிக்குக் காரணமான கூடுதல் குரோமோசோமைப் பற்றி 1959இல் வெளியான கட்டுரைக்கு வேண்டிய திசு வளர்ப்பு முறையைத் தம் கைகளாலேயே அமைத்த மார்த் கோத்தியே, அக்கட்டுரையில் இரண்டாவது ஆசிரியராக இடம்பெற்றபோதும், அவருடைய குடும்பப் பெயர் பிழையாக அச்சாகியிருந்தது. பிழையான எழுத்திலும் தேட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ரஷ்ய மொழியிலிருந்து வரும் பெயர்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும்: சோஃபியா, சோஃபியே, சோன்யா என்றும், கோவலெவ்ஸ்கயா, கோவலெவ்ஸ்கி என்றும் ஒரே கணிதவியலாளர் பல நூல்களில் பலவாறாக வருகிறார்.

தமிழில் எழுதும்போது இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. ஒரே பெயரை நாம் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். எனவே ஒரு கட்டுரைக்குள் ஒரே எழுத்துமுறையைக் கடைப்பிடிப்பதோடு, வழக்கிலுள்ள மாற்று வடிவத்தையும் ஒருமுறை குறிப்பிட்டுவிடுவது, பின்னால் தேடி வருபவருக்குச் செய்யும் பேருதவி.

மூலத் தாளை நேரில் பாருங்கள்

வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்துவிட்டு எழுதுவது எளிது; ஆனால் ஒருவர் எழுதிய தவற்றை மற்றவர் எடுத்தெழுதும் சங்கிலி இத்துறையில் மிக நீளமானது. அதனால் ஒரு மூல ஆவணத்தையாவது முழுமையாகப் படிக்காமல் எழுத உட்காரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழைய ஆய்விதழ்களும் வானாய்வகச் சுற்றறிக்கைகளும் பெருமளவுக்கு மின்னுருவாக்கப்பட்டு இலவசமாகவே கிடைக்கின்றன.

ஹார்வர்டு கல்லூரி வானாய்வகம் 1912 மார்ச்சில் வெளியிட்ட 173ஆம் சுற்றறிக்கையை எடுத்துக்கொள்வோம். சில பக்கங்களே கொண்ட அதன் இறுதியில் கையொப்பமாக இருப்பது இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்கின் பெயர். ஆனால் முதல் வாக்கியமே, சிறிய மெகல்லன் மேகத்திலுள்ள 25 மாறு விண்மீன்களின் காலங்களைப் பற்றிய இந்த அறிக்கை செல்வி லெவிட்டால் ஆயத்தம் செய்யப்பட்டது என்று கூறுகிறது. உள்ளே ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்றேகால் நாளில் ஒளி கூடிக் குறையும் விண்மீனிலிருந்து, 127 நாள் எடுத்துக்கொள்ளும் விண்மீன் வரை, காலத்தின் ஏறுவரிசையில் அவை நிற்கின்றன. அடுத்து வரும் வரைபடத்தில், காலத்தின் மடக்கையை ஓர் அச்சிலும் ஒளிர்வை மற்றோர் அச்சிலும் வைத்தபோது, புள்ளிகள் நேர்கோட்டில் விழுகின்றன. மேகம் என்று பெயர் பெற்றாலும் அது ஒரு விண்மீன் கூட்டம்; அதிலுள்ள விண்மீன்கள் அனைத்தும் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால், பார்வைக்குத் தெரியும் ஒளிர்வு வேறுபாடு உண்மையான ஒளிர்வு வேறுபாடே என்று ஹென்ரியெட்டா லெவிட் வாதிடுகிறார். ஒரு விண்மீன் துடிக்கும் காலத்தை அளந்தால் அதன் உண்மையான ஒளிர்வு தெரியும். அது தெரிந்தால் தொலைவு தெரியும். 1920களில் எட்வின் ஹபிள் ஆந்திரமேடா நம் பால்வழிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் திரள் என்று நிறுவியது இந்த அளவுகோலைக் கொண்டுதான்.

சுற்றறிக்கையோடு நின்றுவிடாமல் பின்னோக்கியும் செல்ல வேண்டும். 1908இல் லெவிட் தம் பெயரிலேயே வெளியிட்ட, மெகல்லன் மேகங்களின் 1,777 மாறு விண்மீன்களைப் பற்றிய நெடிய பட்டியலில், ஒளிர்வு மிகுந்தவற்றுக்குக் காலம் நீளமாக இருப்பது கவனிக்கத்தக்கது என்ற குறிப்பு 16 விண்மீன்களை வைத்து ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, நான்கு ஆண்டுகள் ஓர் எண்ணம் ஒருவரின் மனத்தில் முதிர்ந்ததை நாமே காண்கிறோம். “பிக்கரிங்குக்காகக் கணக்குப் போட்டவர்” என்று அவரைக் குறுக்கும் வரியை அதற்குப் பிறகு நம்மால் எழுத முடியாது.

அதே வானாய்வகத்தில் வேலைசெய்த வில்லியமினா ஃபிளெமிங்கின் செய்தி வேறுவகைப் பாடம். 1888இல் எடுத்த ஒளிப்படத் தகடு ஒன்றில், ஓரியன் மண்டலத்தில் இன்று குதிரைத்தலை என அழைக்கப்படும் இருண்ட வடிவத்தை முதலில் கண்டு குறித்தவர் அவர். பின்னர் டிரையர் தொகுத்த வான்பொருள் பட்டியலில், அவ்வானாய்வகத்தின் கண்டுபிடிப்புகள் பிக்கரிங் என்ற ஒற்றைப் பெயரில் பதிவாயின. பட்டியல்கள் இடத்தைச் சிக்கனம் செய்வதற்காகப் பெயர்களைச் சுருக்கும்; சுருக்கும்போது விழுவது எப்போதும் கீழ்நிலையில் இருப்பவரின் பெயர். ஆகவே, எந்தப் பட்டியலையும் அது எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டதோ அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அச்சிட்டவற்றைத் தவிரக் கடிதங்கள், கண்காணிப்பு ஏடுகள், சம்பளப் பதிவுகள், கூட்டக் குறிப்புகள், பரிந்துரைக் கோப்புகள் ஆகியவையும் உண்டு. நோபல் பரிசுக்கான பரிந்துரைகள் 50 ஆண்டுகள் கழிந்த பின்பே ஆய்வாளர்களுக்குத் திறக்கப்படுகின்றன. அவை திறந்த பிறகுதான், அணுக்கருப் பிளவுக்கான 1944ஆம் ஆண்டு வேதியியல் பரிசு ஓட்டோ ஹானுக்கு மட்டும் போனதன் பின்னணியும், அப்பிளவுக்கு இயற்பியல் விளக்கம் தந்த லீசா மைட்னர் எத்தனை முறை பரிந்துரைக்கப்பட்டும் தேர்வாகவில்லை என்பதும் ஆவணத்தோடு தெரியவந்தன.

மூடியிருந்த கதவுகளின் தேதிகள்

ஒருவரின் பதிவுகளில் இடைவெளி தென்பட்டால், அவர் அந்த ஆண்டுகளில் ஒன்றும் செய்யவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், அந்நாட்டில் அந்தக் காலத்தில் இருந்த நிறுவன விதிகளைத் தேடிப் பாருங்கள். லண்டன் ராயல் சொசைட்டிக்கு 1902இல் பரிந்துரைக்கப்பட்ட ஹெர்த்தா அயர்டன், மணமான பெண்ணுக்குச் சட்டப்படி அத்தகுதி இல்லை என்று மறுக்கப்பட்டார். அச்சங்கம் முதல் பெண் உறுப்பினர்களை ஏற்றது 1945இல்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 1890ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் ஃபிலிப்பா ஃபாசெட் முதல் இடம் பெற்ற ஆணைவிடவும் மேலான மதிப்பெண் எடுத்தார். பெண்களுக்கு அப்பல்கலைக்கழகம் முழுப் பட்டம் வழங்கியது 1948இல். எமி நோய்தர் 1907இல் முனைவர் பட்டம் பெற்ற பிறகு எர்லாங்கனில் ஏழு ஆண்டுகள் சம்பளமின்றிப் பணிசெய்தார். கட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவருடைய வகுப்புகள் கணிதவியலாளர் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. சமச்சீருக்கும் ஆற்றல் அழியாமை போன்ற காப்பு விதிகளுக்கும் உள்ள உறவை நிறுவிய அவருடைய 1918ஆம் ஆண்டுத் தேற்றத்தை அறிவியல் கழகத்தில் முன்வைத்தவர்கூட ஃபெலிக்ஸ் கிளைன்தான், ஏனென்றால் நோய்தர் அதன் உறுப்பினர் அல்லர். பாட அறிவிப்பை மட்டும் பார்த்தவருக்கு அங்கே நோய்தர் பாடம் நடத்தியதே தெரியாது.

விதி எப்போதும் பெண்களைப் பெயரிட்டு விலக்குவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்தலை ஆராய்ந்த அன்னா மாணி, 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து கட்டுரைகளைத் தனி ஆசிரியராக வெளியிட்டு, ஆய்வேட்டையும் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பின்னாளில் வானிலைக் கருவிகள் துறையில் அவர் பெற்ற பெயருக்கு அந்தப் பட்டம் தேவைப்படவில்லை. ஆயினும் பட்டதாரிகளின் பட்டியலை மட்டும் புரட்டுகிறவருக்கு அந்த ஐந்து கட்டுரைகளின் ஆசிரியர் அகப்படமாட்டார்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

இந்த வேலையில் மிகவும் புறக்கணிக்கப்படும் படி இதுதான், என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானதும் இதுதான். ஒரு பெண் எவ்வளவு துன்பப்பட்டார் என்பதை நான்கு பக்கம் எழுதிவிட்டு, அவர் கண்டுபிடித்தது என்ன என்பதை ஒரே வரியில் கடந்துபோகும் கட்டுரைகள் ஏராளம். அவருடைய வேலையில் ஒரு சிறு துண்டையாவது நாமே செய்து பார்த்து, அதை வாசகருக்கும் காட்டும்போதுதான் அவர் கணிதவியலாளராகவோ அறிவியலாளராகவோ தாளில் எழுந்து நிற்கிறார்.

சோஃபி ஜெர்மேனையே எடுத்துக்கொள்வோம். இரண்டு நேர்முழு எண்களின் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டினால் மற்றோர் எண்ணின் ஐந்தாம் அடுக்கு வருமா? இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்குக்கும் அப்படி வராது என்று கணிதவியலாளர் ஃபெர்மா சொல்லிச் சென்ற கூற்றின் ஒரு பகுதி இது. ஜெர்மேன் 5ஐப் பார்த்தவுடன், அதை இருமடங்காக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் 11உம் பகா எண்ணாக இருப்பதைப் பயன்படுத்துகிறார். எந்த எண்ணின் ஐந்தாம் அடுக்கையும் 11ஆல் வகுத்துப் பாருங்கள். 2இன் ஐந்தாம் அடுக்கு 32, மீதி 10. 3இன் ஐந்தாம் அடுக்கு 243, மீதி 1. 4க்கு 1,024, மீதி 1. எவ்வளவு தூரம் போனாலும் 0, 1, 10 ஆகிய மூன்று மீதிகள்தான் வரும். அதிலும் 0 வருவது அந்த எண் 11ஆல் வகுபடும்போது மட்டுமே. மூன்று எண்களில் எதுவும் 11ஆல் வகுபடவில்லை என்று வைத்துக்கொண்டால், இடப்பக்கத்தில் இரண்டு மீதிகளைக் கூட்டும்போது 2, 0, 9 ஆகியவற்றில் ஒன்றுதான் கிடைக்கும். வலப்பக்கத்திலோ 1 அல்லது 10. இரண்டும் ஒருபோதும் சமமாகா. ஆகவே மூன்றில் ஒன்று 11ஆல் வகுபட்டே தீர வேண்டும். இதனோடு, 5 என்ற எண் அந்த மீதிகளில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டு, அப்படி ஒரு தீர்வு இருக்குமானால் மூன்று எண்களில் ஒன்று 5ஆலும் வகுபட வேண்டும் என்ற முடிவுக்கு அவர் தேற்றம் இட்டுச்செல்கிறது. இதன் அழகு, இது 5க்கு மட்டும் உரிய தந்திரமாக நின்றுவிடாமல், 100க்குக் குறைவான ஒற்றைப்படைப் பகா எண்கள் அனைத்துக்கும் பொருந்தும் பொதுமுறையாக இருப்பதில் இருக்கிறது. ஒவ்வோர் எண்ணாகத் தனித்தனியே போராடிக்கொண்டிருந்த காலத்தில் அது புதிய பாதை.

இந்த முடிவு கணிதவியலாளர் லெஜாந்தரின் ஆய்வுரையில் ஓர் அடிக்குறிப்பின் வழியாகவே ஜெர்மேனுக்கு உரியதாக அறியப்பட்டது. நெடுங்காலம் அந்த அடிக்குறிப்பே அவருடைய எண்கோட்பாட்டுப் பணி முழுவதும் என்று கருதினார்கள். அண்மைக் காலத்தில் அவருடைய கையெழுத்துத் தாள்களைப் படித்தவர்கள், ஃபெர்மாவின் கூற்று முழுவதையுமே நிறுவுவதற்கு அவர் வகுத்திருந்த பெருந்திட்டத்தைக் கண்டெடுத்தார்கள். அத்திட்டம் நிறைவேறவில்லை, அது நிறைவேறாது என்பதையும் அவரே உணர்ந்திருந்தார். நிறைவேறாத திட்டத்தையும் எழுதுங்கள். ஆண் கணிதவியலாளர்களின் தோல்வியுற்ற முயற்சிகளை வரலாறு மதிப்போடு பதிந்திருக்கிறது. பெண்களுக்கும் அந்த மதிப்பு உரியது.

எவ்வளவு சொல்லலாம் என்பதை அளந்து சொல்லுங்கள்

மீட்டெடுக்கும் ஆர்வத்தில் மிகைப்படுத்திவிட்டால், முதல் எதிர்ப்பிலேயே முழுக் கட்டுரையும் சரிந்துவிடும். இதை அனுபவத்தில் உணர்ந்தே சொல்கிறேன். யூனிஸ் ஃபுட்டைப் பற்றி நான் முதலில் எழுதிய குறிப்பில் “பசுமையில்ல விளைவைக் கண்டுபிடித்தவர்” என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டு, அவருடைய இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்த பிறகு அந்த வரியைத் திருத்த வேண்டியிருந்தது.

1856இல் வெளியான அக்கட்டுரை மிக எளிமையானது. நான்கு அங்குல விட்டமும் முப்பது அங்குல நீளமும் கொண்ட இரண்டு கண்ணாடி உருளைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வெப்பமானிகள், ஒரு காற்றுப் பம்பு, கருவிகள் இவ்வளவே. உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தபோது, கரியமில வாயு இருந்த உருளைதான் மிகுதியாகச் சூடேறியது. வெயிலிலிருந்து எடுத்த பிறகும் அது ஆறுவதற்கு மற்றதைவிடப் பலமடங்கு நேரம் பிடித்தது. வளிமண்டலத்தில் இந்த வாயு ஒருகாலத்தில் மிகுதியாக இருந்திருந்தால் பூமியின் வெப்பநிலையும் கூடுதலாக இருந்திருக்கும் என்று ஃபுட் எழுதினார். அவருடைய ஆய்வு அந்த ஆண்டு அறிவியல் கூட்டம் ஒன்றில் ஜோசஃப் ஹென்றியால் படிக்கப்பட்டது. பின்னர் அது எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, 2011இல் ரேமண்ட் சோரென்சன் என்ற ஓய்வுபெற்ற பெட்ரோலிய நிலவியலாளர் பழைய அறிவியல் ஆண்டுமலர் ஒன்றில் கண்டெடுத்த பின்பே மீண்டும் பேசப்பட்டது.

ஃபுட்டின் கருவியால் சூரியனிடமிருந்து நேராக வரும் ஒளியையும், சூடான பரப்பிலிருந்து வெளியேறும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிரையும் பிரித்து அளக்க இயலாது. 1859இல் ஜான் டிண்டால் அந்த வெப்பக்கதிரைத் தனியே அளந்தார். ஆகவே, கரியமில வாயு நிறைந்த காற்று வெயிலில் கூடுதலாகச் சூடேறும் என்று காட்டி, அதைப் பூமியின் காலநிலையோடு முதலில் இணைத்தவர் ஃபுட் என்று எழுதுவதே சரி. இந்த வாக்கியம் முந்தையதைவிடச் சிறியதாகத் தெரியலாம். ஆனால் இதை யாராலும் அசைக்க முடியாது.

வினைச்சொற்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் இந்த அளவு வெளிப்படும். கண்டார், அளந்தார், வகைப்படுத்தினார், கருதுகோளை முன்வைத்தார், நிறுவினார் ஆகிய ஒவ்வொன்றும் வேறு. ஜோஸ்லின் பெல் 1967இல் பதிவுத் தாளில் இருந்த சிறு கிறுக்கலைக் கவனித்து, அதை விடாமல் பின்தொடர்ந்து, பல்சர் எனப்படும் துடிவிண்மீனைக் கண்டறிந்தார். 1974ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருடைய நெறியாளர் ஆண்டனி ஹூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. நெட்டி ஸ்டீவன்ஸ் 1905இல் மாவுப் புழுவின் ஆண் உயிரணுக்களில் 19 பெரிய குரோமோசோம்களும் ஒரு சிறியதும் இருப்பதைக் கண்டு, பாலினத்தை அதனோடு தொடர்புபடுத்தினார். எட்மண்ட் வில்சனும் ஏறத்தாழ அதே வேளையில் தனியாக இதே திசையில் வந்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து எழுதினால் ஸ்டீவன்ஸ் எவ்வகையிலும் குறைந்துவிடமாட்டார். மறுபுறம், ஐன்ஸ்டைனின் கோட்பாடுகளை அவருடைய முதல் மனைவி மிலேவா மாரிச்தான் உருவாக்கினார் என்ற கூற்றைப் பெரும்பாலான வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. கிடைத்துள்ள கடிதங்கள் அந்தக் கூற்றைத் தாங்கப் போதுமானவையாக இல்லை. அத்தகைய இடத்தில், கடிதம் சொல்வதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதே அவருக்கும் நியாயம்.

ஒருவருடைய சொந்தச் சொற்களே அவருக்கு எதிராக நிற்கும் நிலையும் உண்டு. விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே என்று தம் கணக்கு காட்டியபோதும், செசிலியா பெய்ன் 1925ஆம் ஆண்டு ஆய்வேட்டில், அந்த அளவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று எழுதினார். அந்த வரியை மட்டும் படித்தால் அவர் தம் கண்டுபிடிப்பை அறியாதவர் போலத் தோன்றும். அதற்கு முன் வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அம்முடிவு சாத்தியமற்றது என்று எழுதிய கடிதத்தையும், நான்கு ஆண்டுகள் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்ததையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வரி எப்படி அங்கே வந்தது என்று விளங்கும்.

எழுதும்போது

முதல் பத்தியில் வேலை இருக்கட்டும். அவருடைய தோற்றம், கணவர், குழந்தைகள் ஆகியவை அவருடைய வேலையைப் பாதித்த அளவுக்கு மட்டும், பாதித்த இடத்தில் மட்டும் வரட்டும். “பெண் நியூட்டன்” போன்ற அடைமொழிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை ஒருவரை மற்றொருவரின் நிழலாகவே நிறுத்துகின்றன. தமிழில் நம்மை அறியாமலே புகுந்துவிடும் ஒரு பழக்கத்தையும் கவனிக்க வேண்டும்: ஆண்களைக் காஸ், ஹபிள் என்று குடும்பப் பெயராலும், பெண்களைச் சோஃபி, ஹென்ரியெட்டா என்று வீட்டில் அழைப்பதுபோல் முதற்பெயராலும் எழுதிவிடுகிறோம். இருவருக்கும் ஒரே முறையைக் கையாளுங்கள். அதேபோல், எழுதி முடித்தபின் “உதவினார்” என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடிப் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் அவர் உண்மையில் செய்ததைக் குறிக்கும் வினையை இட்டுப் பாருங்கள்.

தேடும்போது வழியில் தென்படும் பிற பெயர்களைக் கைவிட்டுவிடாதீர்கள். லெவிட்டைத் தேடிப் போனவருக்கு அதே வானாய்வகத்தின் தாள்களில் ஃபிளெமிங் கிடைக்கிறார். காஸ்மிக் கதிர்களை ஒளிப்படக் குழம்புத் தகடுகளில் பதிவுசெய்த மரியெட்டா பிளாவைப் படிக்கப் போனவருக்கு, அதேவகைத் தகடுகளைக் கொண்டு டி. எம். போஸுடன் 1940களின் தொடக்கத்தில் மீசான் என்ற நுண்துகள்களை ஆராய்ந்த பிபா சௌதுரி கிடைக்கிறார். அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு பெயரையும், அது இருந்த ஆவணத்தின் தலைப்பு, ஆண்டு, பக்க எண், அங்கே அவரைப் பற்றி இருந்த வாக்கியம் ஆகியவற்றோடு தனி ஏட்டில் உடனே எழுதிவையுங்கள். பெயரை மட்டும் எழுதிவைத்தால், ஓராண்டு கழித்து அதை எங்கே பார்த்தோம் என்று மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.